கொப்புளம் எங்கே பிரிகிறது?

நேயர்களுக்கு வணக்கம். தோல் மருத்துவன் நான். உடம்பில் ஒரு செல் பக்கத்துச் செல்லோடு எப்படி ஒட்டி நிற்கிறது என்று பேச அழைத்திருக்கிறார்கள். அந்த ஒட்டு விட்டுப்போனால் வரும் நோயிலிருந்தே தொடங்குகிறேன்.

பெம்பிகஸ் வல்காரிஸ் என்று ஒரு நோய். பெரும்பாலும் வாய்ப்புண்ணாகத்தான் ஆரம்பிக்கும். காரம் தொட முடியாது, வாரக்கணக்கில் ஆறாது. சூடு என்று சொல்லி மணத்தக்காளிக் கீரையிலும் பி காம்ப்ளக்ஸ் மாத்திரையிலும் காலம் போய்விடும். அப்புறம் மார்பிலும் முதுகிலும் கொப்புளம் கிளம்பும். தொளதொளவென்று இருக்கும், துணி உரசினாலே உடையும்.

மேல்தோலின் செல்களைப் பக்கவாட்டில் பிணைப்பவை டெஸ்மோசோம்கள். பிரஸ் பட்டன் மாதிரி, பாதி இந்தச் செல்லில், பாதி அந்தச் செல்லில். உள்பக்கம் கெரட்டின் இழைகள் அதை இழுத்துப் பிடிக்கின்றன; வெளிப்பக்கம் டெஸ்மோக்ளின் போன்ற புரதங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. பெம்பிகஸில் நம் எதிர்ப்புச் சக்தியே டெஸ்மோக்ளினைத் தாக்குகிறது. செல்கள் பிரிந்து, இடையில் நீர் கோக்கிறது. வாயின் உள்தோல் டெஸ்மோக்ளின் 3 என்ற வகையையே பெரிதும் நம்பியிருக்கிறது. முதல் அடி அங்கே விழுவது அதனால்தான்.

முதியவர்களுக்கு வரும் புல்லஸ் பெம்பிகாய்டு வேறு. அதில் கொப்புளம் விண்ணென்று நிற்கும், சுலபத்தில் உடையாது. மேல்தோலின் கடைசி வரிசைச் செல்களை அடியிலுள்ள சவ்வோடு பிடித்து வைக்கும் ஹெமிடெஸ்மோசோம் அங்கே பழுதாகிறது. மேல்தோல் முழுத் தடிமனோடு கூரையாக நிற்கிறது. எந்தப் பிணைப்பு விட்டது என்பதை விரலால் தொட்டே ஓரளவு ஊகிக்க முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

செல்கள் இப்படிப் பிணையும் இடத்தைச் சந்திப்பு என்கிறோம். மற்ற உறுப்புகளில் வேறு தேவை, வேறு சந்திப்பு. குடலில் இறுக்கமான சந்திப்புகள் செல்களின் இடுக்கு வழியே கண்டது கசியாமல் தடுக்கின்றன. அவற்றின் முக்கியப் புரதமான கிளாடினை 1998இல் ஜப்பானின் கியோத்தோவில் கண்டுபிடித்தார்கள். இதயத்தில் இடைவெளி சந்திப்புகள். கனெக்சின் புரதங்கள் ஆறு சேர்ந்து பாதிக் குழாய், எதிர்ச் செல்லில் மறுபாதி. அதன் வழியே மின்துடிப்பு செல்லுக்குச் செல் தாவுவதால்தான் இதயம் ஒன்றாகச் சுருங்குகிறது. உள்காதில் இருக்கும் கனெக்சின் 26 பழுதானால் குழந்தை காது கேளாமல் பிறக்கலாம். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் இந்தப் பழுது தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது.

பெம்பிகஸ் ஒட்டுவாரொட்டி கிடையாது. அம்மை என்று நினைத்து நோயாளியைத் தனி அறையில் வைத்துவிடாதீர்கள். 1950களில் ஸ்டீராய்டு வருவதற்கு முன்பு இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. இன்று எதிர்ப்புச் சக்தியின் இந்தத் தாக்குதலை அடக்கும் ரிட்டுக்சிமாப் ஊசியும் இருக்கிறது. வாய்ப்புண் மூன்று வாரத்தில் ஆறவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள், புண் ஆறிவிட்டதே என்று தாங்களாக நிறுத்தவே கூடாது. நன்றி, வணக்கம்.