நினைத்ததைச் சொல்பவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

தொலைக்காட்சி மென்டலிஸ்ட்டுகளை, அதாவது நாம் மனதில் நினைத்ததைச் சொல்லிக் காட்டும் வித்தைக்காரர்களைப் பற்றிப் பேச என்னை வானொலிக்கு அழைத்திருக்கிறார்கள். கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் இந்த வித்தை வானொலியிலும் சக்கைப்போடு போட்டிருக்கிறது. சிட்னி, லெஸ்லி பிடிங்டன் என்ற ஆஸ்திரேலியத் தம்பதி 1949இல் பிபிசி வானொலியில் நிகழ்ச்சி நடத்தினார்கள். கணவர் ஸ்டுடியோவில் இருப்பார், மனைவி வேறெங்கோ இருப்பார். ஒருமுறை அந்த அம்மாவை லண்டன் டவர் கோட்டையில் உட்காரவைத்தார்கள். ஸ்டுடியோவில் ஒரு புத்தகத்திலிருந்து தேர்ந்தெடுத்த வரியை அவர் அங்கிருந்தபடியே சொன்னார். எப்படி என்று கேட்டால், "நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்பதோடு முடித்துக்கொள்வார்கள்.

இன்றைய மென்டலிஸ்ட் அப்படி விடுவதில்லை. "எனக்கு அமானுஷ்ய சக்தி எதுவும் கிடையாது. உங்கள் கண் போன திசையைப் பார்த்தேன். பேச்சுக்கு நடுவே ஒரு சொல்லை உங்கள் மனதில் விதைத்தேன்" என்று விளக்கமும் சேர்த்தே தருகிறார். என்னைக் கேட்டால், அந்த விளக்கம்தான் வித்தையின் மிக அழகான பகுதி. பேய், பிசாசை நம்பாதவர்களும் உளவியல் என்றால் நம்பிவிடுகிறோம். கொஞ்சம் பயின்றால் நமக்கும் வருமோ என்ற ஆசை வேறு.

பிரிட்டனின் டெரன் பிரவுன் இதில் கில்லாடி. 2000இல் சேனல் 4 தொலைக்காட்சியில் தொடங்கினார். மேஜிக், உளவியல், கவனத்தைத் திசைதிருப்புவது எல்லாம் கலந்ததுதான் தன் நிகழ்ச்சி என்று அவரே சொல்லிவிடுவார். எது எங்கே கலந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

2009 செப்டம்பரில் பிரிட்டனின் தேசிய லாட்டரிக் குலுக்கலை முன்கூட்டியே கணித்ததாக நேரலையில் காட்டினார். எண்கள் எழுதிய பந்துகள் கேமராவுக்கு முதுகைக் காட்டியபடி ஒரு ஸ்டாண்டில் இருந்தன. குலுக்கல் முடிந்ததும் திருப்பினார். ஆறும் சரி! இரண்டு நாள் கழித்து விளக்கமும் வந்தது: 24 பேரை ஊகிக்கச் சொல்லி, அந்த எண்களின் சராசரியை எடுத்தாராம்.

கேட்க அறிவியல் மாதிரியே இருக்கிறது, இல்லையா? அதற்குக் காரணம் உண்டு. கண்காட்சியில் ஏறத்தாழ 800 பேர் ஒரு மாட்டின் எடையை ஊகித்த கணக்கை 1907இல் பிரிட்டிஷ் அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் வெளியிட்டார். ஊகங்களின் நடு மதிப்பு, உண்மை எடையிலிருந்து ஒரு சதவீதம்கூட விலகவில்லை. ஆனால் மாடு கண்ணெதிரே நின்றது, ஒவ்வொருவருக்கும் அதைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்திருந்தது. குலுக்கலில் எந்தப் பந்து விழும் என்று யாருக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாத 24 பேரின் சராசரியும் ஒன்றும் தெரியாததுதான். கேமரா தந்திரமாகத்தான் இருக்கும் என்று பலர் சந்தேகித்தார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

இதே மனிதர் அதற்கு முந்தைய ஆண்டு உண்மையை உடைத்தும் காட்டியிருக்கிறார். ஒரு பெண்ணுக்குக் குதிரைப் பந்தயத்தில் எந்தக் குதிரை வெல்லும் என்று அநாமதேயச் செய்தி வருகிறது. அது வெல்கிறது. அடுத்ததும் சரி, அதற்கடுத்ததும் சரி. அந்தப் பெண் முழுதாக நம்பிவிட்டார். உண்மையில் செய்தி போனது 7,776 பேருக்கு! அவர்களை ஆறாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு குதிரையைச் சொல்லி, தோற்றவர்களைக் கழற்றிவிட்டால் 1,296 பேர் மிஞ்சுவார்கள். அப்புறம் 216, 36, 6. ஐந்தாவது பந்தயத்தில் ஒரே ஒருவர். கேமரா அந்த ஒருவரை மட்டும் காட்டியது. மீதி 7,775 பேரை நாம் பார்க்கவே இல்லை.

மேடைக்கும் தொலைக்காட்சிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். மேடையில் சொதப்பினால் எல்லோரும் பார்த்துவிடுவார்கள். திரையில் நமக்கு வருவது வெட்டி ஒட்டியது. ஆனாலும் சொதப்பல் எப்போதும் கெடுதல் என்று சொல்ல முடியாது. மனசக்தியால் கரண்டியை வளைப்பதாகச் சொல்லிக்கொண்ட யூரி கெல்லர், 1973இல் அமெரிக்காவில் ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் எதுவும் செய்ய முடியாமல் திணறினார். ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக் நிபுணரின் யோசனைப்படி கார்சன் குழுவினர் தங்கள் பொருள்களையே வைத்திருந்தார்கள். அதோடு கெல்லரின் கதை முடிந்துவிடும் என்றுதான் நினைப்போம். நடந்தது நேர்மாறு, புகழ் கூடியது. வெறும் தந்திரமாக இருந்தால் தவறாமல் நடந்திருக்குமே, அப்படியானால் இது நிஜ சக்திதான் என்று வாதிட்டார்கள் ரசிகர்கள். இன்றும் சில மென்டலிஸ்ட்டுகள் வேண்டுமென்றே ஓரெழுத்தைத் தவறாகச் சொல்லித் திருத்துவார்கள். அந்தத் தடுமாற்றம் நம்பகத்தைக் கூட்டும்.

சரி, இதில் உளவியலே இல்லையா? இருக்கிறது, வேறு இடத்தில். பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு அவரவர் குணவிவரம் என்று ஒரு தாளைக் கொடுத்தார். பொருத்தத்துக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டார். சராசரி 4.26. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே வாசகம், பெரும்பகுதி ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. 1949இல் இது கட்டுரையாக வெளிவந்தது.

இன்னொன்றை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு நூலில் மோதிரத்தைக் கட்டித் தொங்கவிடுங்கள். கையை அசைக்காமல், அது வட்டமிடுவதாக மட்டும் நினையுங்கள். பலருக்கு அது சுற்றத் தொடங்கிவிடும். தசைகளின் நுண்ணசைவு, நமக்கே தெரியாமல் நடப்பது. பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1833இல் எழுதிய கடிதம் ஒன்றில் இதை விளக்கியிருக்கிறார். கண்ணைக் கட்டிக்கொண்டபோது அவருடைய ஊசல் நின்றுவிட்டதாம். நீங்களும் கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்திலிருப்பவரை மோதிரத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.