ஓடத்துக்கு ஒரு கொட்டகை வேண்டும்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, பல அலுவல்களுக்கு இடையிலும் வந்திருந்து விழாவைச் சிறப்பிக்கும் மாவட்ட ஆட்சியர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய விழாக்குழுச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓடக்காரக் குடும்பத்துப் பெரியவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

"ஓடம் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்." எந்த மேடையிலும் இந்தப் பழமொழியை நான் விடுவதில்லை. நம் பழைய ஓடங்களைக் காக்க ஒரு கொட்டகை கேட்டு இன்று பேச வந்திருக்கிறேன்.

பாங்காக்கில், சாவ் பிரயா ஆற்றின் மேற்குப் பக்கத்துக் கால்வாய்க் கரையில், அரச படகுகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. வீடுகளுக்கு நடுவே நெளியும் சந்துகள் வழியாகப் போய்ச் சேர்ந்தேன். கொட்டகைக்குள் எட்டுப் படகுகள். 1911-இல் வெள்ளோட்டம் கண்ட சுபன்னஹோங் படகின் நீளம் ஏறக்குறைய 46 மீட்டர். துடுப்புப் போட மட்டும் 50 பேர். முகப்பில் நிமிர்ந்த அன்னத்தின் அலகிலிருந்து ஒரு குஞ்சம் தொங்குகிறது. பொன்பூச்சு மின்னும் அந்தக் கழுத்தின் கீழே நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்தேன். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து கொட்டகையும் சில படகுகளும் சிதைந்தன. அவர்கள் விறகுக்குப் போடவில்லை. செப்பனிட்டார்கள், 1974-இல் அருங்காட்சியகமாக்கினார்கள். 2024-இல்கூட அந்தப் படகுகள் ஆற்றில் அணிவகுத்தன.

ஓடம் என்பது மரம். காய்ந்தால் பலகை சுருங்கி இணைப்பு விலகும். ஈரத்திலேயே கிடந்தால் உளுத்துப்போகும். நிழல் வேண்டும், கவனிக்க ஆள் வேண்டும். அவை இல்லாத நம் ஊர்ப்பக்கம் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

கொள்ளிடக்கரை ஊர் ஒன்றில் பாலம் வந்ததும் ஓடத்துறை ஓய்ந்துவிட்டது. கரையில் கவிழ்ந்து கிடந்த ஓடத்தைச் செங்கல் சூளைக்கு எடைக்குப் போட்டார்கள். ஆமாம், ஓடம் வண்டியில் ஏறியது! ஓட்டிய பெரியவர் வண்டிக்குப் பின்னாலேயே நடந்தார். சூளை வாசலில் பலகையைத் தடவிக்கொண்டே நின்றார். சூளைக்காரர், "விறகுக்கு எதற்கு ஐயா இவ்வளவு மரியாதை?" என்றார். பெரியவர் சொன்னார்: "தம்பி, உன் கல்யாணத்துக்குப் பெண்ணை அக்கரையிலிருந்து கொண்டுவந்து சேர்த்தது இந்த விறகுதான்." சூளைக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனால் விலை பேசி முடிந்திருந்தது. பெரியவர் கேட்டு வாங்கியது முகப்புப் பலகை ஒன்றைத்தான். அது இன்றும் அவர் பேரன் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. கயிறு அறுத்த தடம் விரல் நுழையும் ஆழத்துக்குப் பதிந்திருக்கிறது.

ஆட்சியர் அவர்களே, அந்தப் பலகையை வைக்க நமக்கு ஓர் இடம் இல்லை. ஒகேனக்கல் பரிசலுக்கும் இல்லை. பக்கிங்காம் கால்வாயில் உப்பும் விறகும் ஏற்றிச் சென்ற படகுகளுக்கும் இல்லை. பளிங்கு மண்டபம் கேட்கவில்லை. ஆற்றங்கரையில் ஓட்டுக்கூரை போட்ட ஒரு கொட்டகை, ஓடம் கட்டத் தெரிந்தவர்களுக்கு மாதச் சம்பளம், அவர்களிடம் தொழில் பழக நாலு பிள்ளைகள், இவ்வளவுதான் கேட்கிறோம். எந்த வீட்டு மாட்டுக்கொட்டகையில் பழைய ஓடம் கிடந்தாலும் விற்காதீர்கள், தாய்மார்களே. எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். வண்டியோடு வருகிறோம். ஓடம் மறுபடி வண்டியில் ஏறட்டும், இந்த முறை சூளைக்கு அல்ல!

தீர்மானம் செயலாளரிடம் இருக்கிறது. அவைத்தலைவர் அவர்கள் அதை இப்போதே வாசித்து, வாக்கெடுப்புக்கு விட வேண்டுகிறேன்.