போலி அனுமதிச்சீட்டும் மாற்றப்படாத சாவியும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நேயர்களுக்கு வணக்கம்.

ஓசூர், சூளகிரி, பர்கூர் வட்டாரத் தொழிற்சாலைகளிலும், நம் இரு மாவட்டங்களின் மருத்துவமனைகள், கல்லூரிகளிலும் இன்று ஐம்பது, நூறு, சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகள் ஒரே வலையமைப்பில் இணைந்து வேலை செய்கின்றன. காலையில் பணிக்கு வருபவர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு முறை தட்டுகிறார். அதன்பின் கணக்குப் பிரிவின் கோப்புகள், அச்சுப்பொறி, மின்னஞ்சல், சரக்கு இருப்பு மென்பொருள் என எதைத் திறந்தாலும் மறுபடி கடவுச்சொல் கேட்கப்படுவதில்லை. இந்த வசதிக்குப் பின்னால் ஒரு சீட்டு முறை இருக்கிறது. அந்தச் சீட்டைப் போலியாகத் தயாரிப்பவர் எவ்வளவு தூரம் போக முடியும், அவரை எப்படி வெளியேற்றுவது என்பதே இன்றைய உரையின் பொருள். வலையமைப்புகளைப் பராமரிப்பதையே தொழிலாகக் கொண்டவன் நான். நம் பகுதி நிறுவனங்களில் இந்த ஒன்று மட்டும் ஆண்டுக்கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடப்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

கெர்பரோஸ் என்று பெயர் கொண்ட இந்தச் சீட்டு முறை, 1980களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், அத்தீனா என்ற திட்டத்தின் கீழ் உருவானது. விண்டோஸ் 2000 வெளிவந்தபோது மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதை, அலுவலகத்தின் பயனர்களையும் கணினிகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் தன் ஆக்டிவ் டைரக்டரியில் அடையாளச் சரிபார்ப்பு முறையாக அமைத்துக்கொண்டது. அன்று முதல் விண்டோஸ் சர்வர் வைத்திருக்கும் அலுவலகங்களில் பெரும்பாலும் இதுவே நடைமுறை.

பணியாளர் கடவுச்சொல்லைத் தட்டியதும் அந்தச் சொல் கம்பி வழியே பயணிப்பதில்லை. அவருடைய கணினி, அந்தச் சொல்லிலிருந்து பெறப்பட்ட சாவியை, அதாவது ஒரு ரகசிய எண்ணைக் கொண்டு, அப்போதைய நேரத்தைப் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்து டொமைன் கன்ட்ரோலர் எனப்படும் தலைமைச் சர்வருக்கு அனுப்புகிறது. தலைமைச் சர்வர் அதைத் திறந்து பார்த்து, நேரம் ஐந்து நிமிட வேறுபாட்டுக்குள் இருந்தால், முதல் சீட்டு ஒன்றைத் தருகிறது. அதில் பணியாளரின் பெயர், அவர் எந்தெந்தக் குழுக்களைச் சேர்ந்தவர், சீட்டு எந்நேரம் வரை செல்லும் என்பனவெல்லாம் எழுதப்பட்டு, தலைமைச் சர்வருக்கு மட்டுமே தெரிந்த ஒரு சாவியால் பூட்டப்பட்டிருக்கும். வழக்கமான அமைப்பில் அது பத்து மணி நேரம் செல்லும். ஏழு நாள் வரை புதுப்பித்துக்கொள்ளலாம். பிறகு கோப்புச் சர்வரையோ அச்சுப்பொறியையோ அணுகும்போது இந்த முதல் சீட்டைக் காட்டி, அந்தந்தச் சேவைக்கெனத் தனிச் சீட்டு ஒன்றைக் கணினியே வாங்கிக்கொள்கிறது. உங்கள் அலுவலகக் கணினியில் கருப்புத் திரையைத் திறந்து 'கே-எல்-ஐ-எஸ்-டி' என்ற கட்டளையைக் கொடுத்தால், இந்நேரம் உங்கள் பெயரில் எத்தனை சீட்டுகள் இருக்கின்றன, எப்போது தொடங்கின, எப்போது முடியும், எந்த மறையாக்க முறையில் பூட்டப்பட்டவை என்பது வரிவரியாக வந்து நிற்கும்.

இம்முறையில் நாம் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு சீட்டு வந்தால், அதைத் தான் கொடுத்ததா என்று தலைமைச் சர்வர் தன் பதிவேட்டில் தேடிப் பார்ப்பதில்லை; பூட்டு சரியாக இருந்தால் ஏற்றுக்கொள்கிறது. கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைக்குப் பெங்களூரா காய் ஏற்றி வரும் லாரிக்கு, எடைமேடையில் எடைச்சீட்டு எழுதி முத்திரை குத்திக் கொடுக்கிறார்கள். காசாளர் அந்த முத்திரையைப் பார்த்துப் பணம் கொடுக்கிறார், எடைமேடைக்குப் போய் விசாரிப்பதில்லை. முத்திரை அச்சே களவு போய்விட்டால், வராத லாரிக்கும் சீட்டு வரும், இரண்டு டன் இருபது டன்னாகவும் வரும். அச்சை மாற்றாமல், லாரி ஓட்டுநர்களின் அடையாள அட்டைகளை எல்லாம் மாற்றிக் கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை.

ஆக்டிவ் டைரக்டரியில் அந்த முத்திரை அச்சு ஒரு பயனர் கணக்கின் வடிவில் இருக்கிறது. அதன் பெயர் 'கே-ஆர்-பி-டி-ஜி-டி'. தலைமைச் சர்வரின் ஆளுகைக்குட்பட்ட வலையமைப்பான டொமைனை முதன்முதலில் அமைக்கும்போதே இது தானாக உருவாகிவிடும். யாரும் இதில் உள்நுழைய முடியாது; முடக்கப்பட்ட கணக்கு என்ற கீழ்நோக்கிய அம்புக்குறியுடன் பட்டியலில் கிடக்கும். மேம்பட்ட காட்சியைத் தேர்ந்தெடுத்தால்தான் அது கண்ணிலேயே படும். முடக்கப்பட்ட கணக்குதானே என்று கடந்து போகிறவர்களே அதிகம். ஆனால் டொமைனில் வழங்கப்படும் முதல் சீட்டுகள் அனைத்தும் இக்கணக்கின் கடவுச்சொல்லிலிருந்து பிறக்கும் சாவியாலேயே பூட்டப்படுகின்றன. அந்தச் சாவி ஒருவர் கைக்குப் போய்விட்டால், அவர் தம் வீட்டுக் கணினியிலேயே, யாரையும் கேட்காமல், தாம் விரும்பிய பெயரில், தலைமை நிர்வாகிகள் குழுவின் உறுப்பினர் என்று எழுதிய சீட்டைச் செய்துகொள்ள முடியும். இதைத்தான் பாதுகாப்புத் துறையினர் கோல்டன் டிக்கெட் என்கிறார்கள். பெஞ்சமின் டெல்பி என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய மிமிகாட்ஸ் என்னும் கருவியால் இதைச் செய்து காட்டி, 2014இல் லாஸ் வேகஸில் நடந்த பிளாக் ஹாட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் அவரும் இன்னொரு ஆய்வாளரும் விளக்கினார்கள். அக்கருவி தானாகச் செய்யும் சீட்டின் ஆயுள் பத்து மணி நேரம் அல்ல, பத்து ஆண்டுகள்.

இந்தச் சாவி எளிதில் கிடைத்துவிடுமா என்று கேட்கலாம். எளிதில் கிடைக்காது. தலைமை நிர்வாகிக்கு இணையான அதிகாரத்தை ஒரு முறையாவது பெற்றவர்தான் அதை எடுக்க முடியும். ஆகவே இது கதவை உடைத்து உள்ளே வரும் வழியன்று; வந்தவர், பிடிபட்டு வெளியேற்றப்பட்ட பிறகும் திரும்பி வருவதற்காகச் செய்துவைத்துக்கொள்ளும் வழி. ஆனால் அந்த அதிகாரத்தைப் பெறும் பாதைகள் நாம் நினைப்பதைவிட நெருக்கத்தில் இருக்கின்றன. தலைமைச் சர்வரின் தரவுக் கோப்பு பேக்கப் எடுக்கப்பட்டு, ஏதோ ஒரு வட்டில் பூட்டின்றிக் கிடந்தால் அதுவே போதும். இன்று பல சர்வர்கள், வேறொரு கணினிக்குள் மென்பொருளாக இயங்கும் மெய்நிகர் இயந்திரங்களாக ஓடுகின்றன. அந்த மெய்நிகர் வட்டை நகலெடுக்க உரிமை உள்ளவர் எவரோ, அவர் டொமைனில் எந்தப் பதவியும் இல்லாமலே சாவிக்கு உரியவராகிவிடுகிறார். வெளியூர் ஒப்பந்ததாரர் ஒருவர் சர்வரை அமைத்துவிட்டுப் போய், பேக்கப் வட்டின் கடவுச்சொல் இன்னும் அவருக்கும் தெரிந்தே இருப்பது நம் ஊர்களில் சாதாரணமாகக் காணப்படும் நிலை.

சில்வர் டிக்கெட் என்று இன்னொரு வகை உண்டு. அதில் ஒரு தனிச் சேவையின் சாவி மட்டும் களவாடப்படுகிறது. அந்த ஒரு சேவைக்குள் மட்டுமே அது செல்லும் என்றாலும், தலைமைச் சர்வரைத் தொடாமலே நேராகச் சேவையிடம் காட்டப்படுவதால், தலைமைச் சர்வரின் பதிவேட்டில் ஒரு வரிகூட விழாது. தரவுத்தளம் போன்ற சேவைகளுக்கு மனிதர்கள் வைத்த எளிய கடவுச்சொற்கள் இருக்கும்போது இது நடக்கிறது. டொமைனின் எந்தச் சாதாரணப் பயனரும் அச்சேவைக்கான சீட்டைக் கேட்டு வாங்கி, அதை வெளியே எடுத்துச் சென்று, நிதானமாகக் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்க முடியும். நிறுவனத்தின் பெயரையும் சர்வர் அமைத்த ஆண்டையும் சேர்த்து எழுதிய கடவுச்சொல் இதற்கு வெகுநேரம் தாக்குப்பிடிக்காது.

சீட்டில் எழுதியிருப்பதை நம்புவதில் உள்ள ஆபத்துக்கு வரலாற்றில் சான்றுகள் உண்டு. 2014 நவம்பர் 18ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் தன் வழக்கமான மாதாந்தரத் தேதிக்குக் காத்திராமல் ஓர் அவசரத் திருத்தத்தை வெளியிட்டது. சீட்டுக்குள் இருக்கும் உறுப்பினர் விவரத்தின் கையொப்பத்தைத் தலைமைச் சர்வர் சரியாகச் சோதிக்காததால், எந்தச் சாவியும் இல்லாத சாதாரணப் பயனர்கூடத் தம்மைத் தலைமை நிர்வாகி என்று எழுதிக்கொள்ள முடிந்த பிழை அது. 2021 நவம்பரில் தொடங்கிய திருத்தங்கள், சீட்டைக் கேட்டவரின் அடையாள எண்ணையும் சேர்த்துச் சரிபார்க்கச் செய்தன; அதனால் டொமைனில் இல்லாத பெயருக்குச் சீட்டு செய்வது எடுபடாமல் போயிற்று. இருக்கிற பணியாளரின் பெயரில் செய்தால் இன்றும் எடுபடும்.

மேகக் கணினிச் சேவைக்கு மாறிவிட்டோம், எங்களுக்கு இது பொருந்தாது என்று சொல்பவர்கள் உண்டு. 2020இல் வெளிப்பட்ட, சோலார்விண்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருள் வழியே நடந்த ஊடுருவலில், நிறுவனங்களின் அடையாளச் சர்வரிலிருந்து கையொப்பச் சாவியை எடுத்து, மேகச் சேவைக்குள் நுழையச் சீட்டுபோல் பயன்படும் அடையாள வில்லைகளே போலியாகச் செய்யப்பட்டன. 2023இல் மைக்ரோசாஃப்டின் சொந்தக் கையொப்பச் சாவி ஒன்று ஊடுருவியவர்களிடம் சிக்கி, ஏறத்தாழ 25 அமைப்புகளின் மின்னஞ்சல்கள் வாசிக்கப்பட்டன. அமெரிக்க வெளியுறவுத் துறை அதைக் கண்டுபிடித்தது மின்னஞ்சல் பதிவேட்டைப் பார்த்துத்தான். கூடுதல் கட்டணம் செலுத்தியவர்களுக்கே அப்போது கிடைத்துவந்த விரிவான பதிவேடு அது. அந்நிகழ்வுக்குப் பிறகு மற்ற வாடிக்கையாளர்களுக்கும் அது திறந்துவிடப்பட்டது. தொழில்நுட்பத்தின் பெயர்கள் மாறினாலும், கையொப்பமிடும் சாவி ஓரிடத்தில் இருக்கிறது, அதை வைத்திருப்பவர் சொல்வதை எல்லாரும் நம்புகிறார்கள் என்ற அமைப்பு மாறவில்லை.

போலிச் சீட்டு பயன்படுத்தப்படுவதை எப்படி அறிவது? தலைமைச் சர்வரின் பாதுகாப்புப் பதிவேட்டில், முதல் சீட்டு கொடுக்கப்படும்போது 4768 என்ற எண்ணும், சேவைச் சீட்டு கொடுக்கப்படும்போது 4769 என்ற எண்ணும் விழும். ஒரு பயனருக்கு 4769 மட்டும் விழுந்து, அதற்கு முன் எந்தத் தலைமைச் சர்வரிலும் 4768 இல்லையென்றால், அவர் முதல் சீட்டை எங்கிருந்து பெற்றார் என்று விசாரிக்க வேண்டும். அலுவலகம் முழுவதும் ஏஇஎஸ் என்ற புதிய மறையாக்க முறை இருக்க, ஒரே ஒரு சீட்டு மட்டும் பழைய ஆர்சி4 முறையில் வருவதும் நின்று பார்க்க வேண்டிய அறிகுறியே. ஆனால் இதற்கெல்லாம் பதிவேடு இருக்க வேண்டும். சர்வரில் முன்னிருப்பாக ஒதுக்கப்படும் இடம் சிறிது; பரபரப்பான அலுவலகத்தில் பழைய வரிகள் விரைவில் அழிந்து புதியவை ஏறிவிடும். 2022 ஏப்ரல் 28ஆம் தேதி, இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த ஆணை, பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்றும், குறிப்பிட்ட வகைச் சம்பவங்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும், கணினிகளின் கடிகாரங்களை அரசு நேரச் சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும் என்றும் கூறுகிறது. இதைத் தணிக்கையாளருக்குக் காட்டும் காகிதமாக மட்டும் கருதுவது தவறு. பதிவேடு தனிக் கணினிக்கு நகர்த்தப்பட்டு, யாரோ ஒருவர் அதைத் திறந்து பார்க்கும் வழக்கமும் ஏற்பட்டால்தான் மேலே சொன்ன அறிகுறிகள் கண்ணில் படும்.

ஊடுருவல் தெரிந்ததும் நிறுவனங்கள் முதலில் செய்வது, எல்லாப் பணியாளர்களின் கடவுச்சொற்களையும் மாற்றச் சொல்வது. செய்ய வேண்டியதுதான். ஆனால் கோல்டன் டிக்கெட் வைத்திருப்பவரை அது தொடாது. அவர் பணியாளரின் கடவுச்சொல்லைப் பயன்படுத்தவே இல்லை. கைப்பேசிக்கு வரும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் அவரைத் தடுக்காது. சரிபார்ப்பு முடிந்த பிறகு கிடைக்கும் சீட்டைத்தான் அவர் கையில் வைத்திருக்கிறார். கே-ஆர்-பி-டி-ஜி-டி கணக்கின் கடவுச்சொல்லை மாற்றுவது ஒன்றே அவர் சீட்டைச் செல்லாததாக்கும். அதையும் இரண்டு முறை மாற்ற வேண்டும். ஏனெனில் இக்கணக்கு தற்போதைய சாவியோடு முந்தைய சாவியையும் நினைவில் வைத்திருந்து, இரண்டாலும் பூட்டிய சீட்டுகளை ஏற்றுக்கொள்கிறது. ஒரு முறை மட்டும் மாற்றினால், களவு போன சாவி முந்தைய சாவியின் இடத்துக்கு நகர்ந்து தொடர்ந்து செல்லும்.

மாற்றும் செயல் மிகச் சிறியது. கணக்கின் மேல் வலது சொடுக்குச் செய்து, கடவுச்சொல்லை மாற்று என்பதைத் தேர்ந்து, ஏதாவது ஒன்றைத் தட்டினால் போதும். நீங்கள் தட்டிய சொல் பொருட்டே இல்லை. சர்வர் தானே நீளமான ஒரு சொல்லை உருவாக்கி வைத்துக்கொள்ளும். இவ்வளவு எளிதான வேலை பல நிறுவனங்களில் சர்வர் அமைத்த நாளிலிருந்து ஒரு முறைகூடச் செய்யப்படாமல் இருப்பதற்குக் காரணம் அச்சமும், இது யாருடைய பொறுப்பு என்று எழுதப்படாததுமே. நேயர்களில் வலையமைப்பைக் கவனிப்பவர்கள் இருந்தால், அக்கணக்கு உருவான தேதியையும் அதன் கடவுச்சொல் கடைசியாக மாறிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இரண்டும் ஒரே தேதியாக இருந்தால், இத்தனை ஆண்டுகளில் அந்நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டுப் போன ஒவ்வொரு நிர்வாகியும், எடுத்த ஒவ்வொரு பேக்கப்பும் இன்றைக்கும் செல்லுபடியாகும் சாவியைச் சுமந்திருக்கக்கூடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவது என்று நாட்காட்டியில் குறித்து, செய்பவரின் பெயரையும் எழுதி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வழக்கமான மாற்றத்தில் முதல் முறை மாற்றுவதற்கும் இரண்டாம் முறை மாற்றுவதற்கும் இடையே பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் இடைவெளி விட வேண்டும். அதற்குள் பழைய சீட்டுகள் காலாவதியாகி, புதிய சாவியால் பூட்டிய சீட்டுகள் எல்லாருக்கும் வந்து சேர்ந்துவிடும். மூன்று ஷிப்ட் ஓடும் ஆலைகளில் சனிக்கிழமை இரவு ஒரு மாற்றமும் ஞாயிறு மாலை மற்றொன்றும் என்று வைத்துக்கொண்டால் உற்பத்தி தடைபடாது. ஊடுருவல் உறுதியாகிவிட்ட நிலையில் இந்தப் பொறுமைக்கு இடமில்லை. இரண்டையும் அடுத்தடுத்துச் செய்ய வேண்டியிருக்கும், அதனால் சேவைகள் சில நின்று மறுபடி தொடங்கவும் நேரிடும். ஆனால் அதற்கு முன் ஊடுருவியவரின் மற்ற வழிகளும் அடைக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லையேல் புதிய சாவியையும் அவர் எடுத்துக்கொள்வார். கிளை அலுவலகத்தில் இரண்டாவது தலைமைச் சர்வர் வைத்திருப்பவர்கள், முதல் மாற்றம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டதா என்பதை அந்தச் சர்வரிலேயே பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகு இரண்டாவதைத் தொடங்குங்கள்.

வணக்கம்.