ஏற்றியது வேறு, ஏறியது வேறு

நேயர்களுக்கு வணக்கம். நான் வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தா. கேஸ் கட்டை நாடா போட்டுக் கட்டி, ஃபைலிங் கவுண்டரில் வரிசையில் நின்று பழகியவன். இப்போது அந்தக் கட்டு நீதிமன்றத்தின் இ-ஃபைலிங் இணையதளத்துக்குள் போய்விட்டது. வரிசை இல்லை, வெயில் இல்லை. ஆனால் நாம் ஏற்றியது ஒன்று, அங்கே ஏறியது இன்னொன்று என்று ஆகிவிடும். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு பாகப்பிரிவினை வழக்கு. வாதியின் தாத்தா காலத்துக் கிரையப் பத்திரம். முத்திரைத்தாள் நன்றாகப் பழுப்பேறியிருந்தது. ஃபைல் சைஸ் குறையட்டுமே என்று பிராது, பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் மொத்தமாகக் கறுப்பு-வெள்ளையில் ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டேன். நாலாம் நாள் ரிட்டர்ன், அதாவது குறை சொல்லித் திருப்பிவிட்டார்கள். ஆவணம் படிக்கும்படி இல்லையாம். திறந்து பார்க்கிறேன்: தாளின் பழுப்பெல்லாம் கறுப்பாகி, சார்பதிவாளர் முத்திரை அதில் மூழ்கிப் போயிருந்தது. கைரேகை இருந்த இடத்தில் மைக்கறை மாதிரி ஒரு பொட்டு. ஏற்றுவதற்கு முன் நான் பார்க்கவில்லையா என்றால், பார்த்தேன். முதல் பக்கத்தை மட்டும். அது பளிச்சென்று டைப் அடித்த பிராது.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் கேளுங்கள். ஏ4 தாளை 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், ஸ்கேன் செய்தால் குறுக்கே 2,480 புள்ளி, நெடுக்கே 3,508 புள்ளி. மொத்தம் சுமார் 87 லட்சம். கலரில் ஒரு புள்ளிக்கு மூன்று பைட் என்பதால், சுருக்காத நிலையில் ஒரு பக்கமே 26 எம்பி தொடும். கறுப்பு-வெள்ளையில் ஒரு புள்ளிக்கு ஒரே பிட். ஒரு எம்பிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதனால் டைப் அடித்த தாளுக்குக் கறுப்பு-வெள்ளை தாராளம். முத்திரை, ரேகை, பழைய மை உள்ள தாளுக்குக் கலர் வேண்டும். இரண்டையும் ஒரே செட்டிங்கில் ஓட்டியதுதான் நான் செய்த தப்பு.

அடுத்தது எழுத்துரு. வானவில், பாமினி என்று பழைய எழுத்துருவில் அடித்த பிராது நம் கம்ப்யூட்டரில் அழகாக இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியுமாகச் சிதறும். நீதிமன்றம் கேட்கிற பிடிஎஃப்/ஏ என்ற பிடிஎஃப் வகை இதற்காகத்தான். 2005-இல் வந்த ஐஎஸ்ஓ தரம் அது. எழுத்துருவை ஃபைலுக்குள்ளேயே பொதிந்து வைக்கச் சொல்கிறது. பாஸ்வேர்டையும் அனுமதிக்காது. பேங்க் ஸ்டேட்மென்டை வந்தபடியே பாஸ்வேர்டோடு ஏற்றுகிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். ஆனால் ஒன்று, பாமினியைப் பொதிந்து வைத்தாலும் பார்க்கத்தான் வரும், தேட வராது. தேட வேண்டுமென்றால் யூனிகோடில் அடிப்பதே வழி.

டிஜிட்டல் கையெழுத்து கடைசி வேலை. எங்கள் ஆபீஸ் ஜூனியர் அம்மா ஒருநாள் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பக்க எண் விட்டுப்போச்சே என்று சேர்த்தார். கையெழுத்துக்குப் பின் ஆவணம் மாறியிருக்கிறது என்று காட்டிவிட்டது. கோர்ப்பது, சுருக்குவது, பக்க எண் போடுவது எல்லாம் முடிந்த பிறகுதான் கையெழுத்து.

வாட்ஸ்அப்பில் கட்சிக்காரர் அனுப்பும் படங்களிலும் கவனம் வேண்டும். படமாக அனுப்பினால் செயலி அதைச் சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தில், மின்னணு ஆவணத்துக்குக் கொடுக்கும் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் ஃபைலின் ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். ஃபைலில் இருப்பதை வைத்துக் கணக்கிடும் அடையாள எண் அது. ஃபைலில் ஒரு பிட் மாறினாலும் அது வேறு எண்ணாகிவிடும். அதனால் அசல் இருக்கும் போனை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன்.

ஏறக் கூடாததும் ஏறிவிடும். 2019 ஜனவரியில் அமெரிக்காவில், டிரம்ப்பின் தேர்தல் பிரசாரத் தலைவராக இருந்த பால் மனஃபோர்ட்டின் வக்கீல்கள் தாக்கல் செய்த மனுவில் சில வரிகளைக் கறுப்புக் கட்டம் போட்டு மறைத்திருந்தார்கள். நிருபர்கள் அந்த இடத்தை காப்பி செய்து ஒட்டிப் பார்த்தால், எழுத்து அத்தனையும் வந்துவிட்டது. கட்டம் மேலே, எழுத்து அடியில்!

ரிட்டர்ன் ஆன அந்தப் பத்திரத்தைக் கலரில் மறுபடி ஸ்கேன் செய்து ரீபிரசென்ட் பண்ணினோம், அதாவது குறையைச் சரிசெய்து மறுபடி தாக்கல் செய்தோம். இந்தத் தடவை ஏற்றியதோடு எழுந்து போகவில்லை. தளத்திலிருந்தே அதைத் திரும்ப இறக்கி, ஆபீஸ் கம்ப்யூட்டரில் இல்லாமல் என் போனில் திறந்து, ஆவணப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசிப் பக்கம் வரை தள்ளிப் பார்த்தேன். முத்திரை தெரிந்தது. ரேகையில் சுழி தெரிந்தது. 14-ஆம் பக்கம் மட்டும் தலைகீழாக இருந்தது.