60 யூரோ வரிசை

நேயர்களுக்கு வணக்கம். உலகமயமாக்கல், நாடுகளின் எல்லை தாண்டிய ஜனநாயகம் என்று பெரிய தலைப்பாகக் கொடுத்துவிட்டார்கள். நான் ஓர் ஏடிஎம் வரிசையிலிருந்து தொடங்குகிறேன்.

2015 ஜூன் மாதக் கடைசி. கடனில் மூழ்கியிருந்த கிரேக்க நாட்டில் வங்கிகளை மூடிவிட்டார்கள். ஒரு நாளைக்கு 60 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாது. பல இயந்திரங்களில் 20 யூரோ நோட்டு தீர்ந்துபோனதால், ஒற்றை 50 யூரோத் தாளோடு திரும்பினார்கள் ஜனங்கள். அந்த வரிசைகளுக்கு நடுவேதான் ஜூலை 5 அன்று பொதுவாக்கெடுப்பு. கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளை ஏற்கலாமா, கூடாதா? 61 சதவீதம் பேர் கூடாது என்றார்கள். எட்டு நாள் கழித்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸில் விடிய விடிய நடந்த பேச்சு முடிந்தபோது, அதே அரசு வரி உயர்வு, ஓய்வூதியச் சீர்திருத்தம் எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருந்தது.

மக்கள் தீர்ப்பைக் காலில் போட்டு மிதித்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது: அன்றைக்கு யூரோவைப் புழங்கிய நாடுகள் 19. மற்ற 18 நாடுகளிலும் வாக்காளர்கள் இருக்கிறார்களே! கடனில் அவர்கள் வரிப்பணமும் மாட்டிக்கொண்டிருக்கிறது. அவர்களும் தங்கள் அரசைக் கேள்வி கேட்கத்தானே செய்வார்கள்? அங்கே மோதியது ஜனநாயகமும் சர்வாதிகாரமும் அல்ல, ஒரு நாட்டு ஓட்டும் இன்னொரு நாட்டு ஓட்டும். இந்தப் 19 நாட்டு மக்களும் சேர்ந்து பேசி, அந்தக் கடனை ஒன்றாக முடிவு செய்ய ஓர் இடம் இல்லை. இருந்ததெல்லாம் நாட்டுத் தலைவர்களின் உச்சி மாநாடும் நிதியமைச்சர்கள் கூட்டமும். நிதியமைச்சர்கள் கூட்டத்தை ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தமே 'முறைசாரா' கூட்டம் என்றுதான் குறிக்கிறது. ஒரு தேசத்து முதியவர்களின் ஓய்வூதியம் முறைசாராக் கூட்டத்தில் பேசப்படுகிறது!

ஐரோப்பிய நாடாளுமன்றம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1979 முதல் மக்களே நேரடியாக உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள், சாதாரண விஷயமில்லை. ஆனால் அந்த அவையால் தானாக ஒரு சட்ட மசோதாவைக் கொண்டுவர முடியாது, அந்த உரிமை ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்திடம் இருக்கிறது. முதல் தேர்தலில் சுமார் 62 சதவீதம் ஓட்டு விழுந்தது, 2014-இல் 43-ஐக்கூட எட்டவில்லை. பின்னர் கொஞ்சம் ஏறியது, சரி. என்றாலும், ஓட்டுப் போட்டு எதை மாற்றப்போகிறோம் என்று தெரியாதவர் வாக்குச்சாவடிக்கு வராததில் எனக்கு ஆச்சரியமில்லை.

உலக அளவில் அப்படி ஓர் அவையும் கிடையாது. நெருக்கடியில் இருக்கும் நாடுகளுக்குக் கடன் கொடுக்கும் பன்னாட்டு நாணய நிதியத்தில் (ஐஎம்எஃப்) மிக முக்கியமான முடிவுகளுக்கு 85 சதவீத வாக்கு வேண்டும். அமெரிக்காவிடம் மட்டும் 16 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் உலக நாடாளுமன்றம் ஒன்று கட்டலாமா? அது நடக்கும்போது நடக்கட்டும். அதுவரை, வெளிநாட்டு மேசையில் நம் பெயரால் உட்காருகிறவரை வீட்டிலேயே பிடித்து நிறுத்திக் கேட்கலாம். டென்மார்க்கில் இதைச் செய்கிறார்கள். முக்கியமான விஷயமென்றால், அமைச்சர் பிரஸ்ஸல்ஸ் போவதற்கு முன் நாடாளுமன்றத்தின் ஐரோப்பிய விவகாரக் குழு முன்னால் வந்து நிற்க வேண்டும். இதற்குச் சம்மதிக்கப்போகிறேன், இதை விட்டுத்தர மாட்டேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு எதிராகக் குழுவில் பெரும்பான்மை சேரவில்லையென்றால்தான் விமானம் ஏறலாம். போன இடத்தில் பேச்சு வேறு திசையில் திரும்பி, சொன்னதை மாற்ற வேண்டி வந்தால், மறுபடியும் அதே குழுவிடம் கேட்டாக வேண்டும்.

நன்றி, வணக்கம்.