எரிபஸ் சரிவில் ஒரு சூடான மண்

நேயர்களுக்கு வணக்கம். அண்டார்க்டிகா என்றதும் பனிதான் நினைவுக்கு வரும். ஆனால் தொட்டால் கை சுடுகிற மண்ணும் அங்கே இருக்கிறது. அந்த இடத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

ராஸ் தீவில் இருக்கிறது எரிபஸ் எரிமலை. உயரம் 3,794 மீட்டர். 1841 ஜனவரியில் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் என்ற பிரிட்டிஷ் மாலுமி கடலிலிருந்து பார்த்தபோதே அது புகை கக்கிக்கொண்டிருந்தது. தன் கப்பலின் பெயரையே மலைக்கு வைத்தார். மேற்கே மக்மர்டோ நீரிணை. தெற்கே, கிட்டத்தட்ட பிரான்ஸ் நாட்டின் பரப்புக்கு, கடலில் மிதக்கும் ராஸ் பனிப்பரப்பு. உச்சிப் பள்ளத்துக்குள் பல பத்தாண்டுகளாக நெருப்புக் குழம்பு ஏரியாகவே தேங்கிக் கிடக்கிறது.

சரி, நான் சொல்ல வந்த இடம் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, வடமேற்குச் சரிவில் இருக்கிறது. டிராம்வே ரிட்ஜ் என்று பெயர். மலையின் உள்வெப்பத்தால் அங்கே மண்ணிலிருந்து நீராவி கசிகிறது. மண்ணின் வெப்பம் சில இடங்களில் 65 டிகிரி செல்சியஸைத் தொடும். நாலு எட்டு தள்ளிப் போனால் உறைபனி! சரிவின் வேறு இடங்களில் நீராவி வெளியே வந்ததும் உறைந்து, ஆள் உயரத்தையும் தாண்டிய பனிக்கோபுரங்களாக நிற்கிறது.

அந்த ஈரச் சூட்டில் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. ஒரு பாசிச் செடியும் (moss) இருக்கிறது. அது இலை விடுவதில்லை. முளைத்த நிலையில், பச்சை இழைகளாகவே காலம் தள்ளுகிறது. இப்படிச் சுடும் நிலம் அந்தக் கண்டத்தில் மிகச் சில மலைகளில்தான் உண்டு. அடுத்தது வடக்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, மெல்போர்ன் எரிமலையில். இடையில் இருக்கும் குளிர்தான் இந்த உயிர்களுக்கு வேலி.

அந்த வேலியைத் தாண்டக்கூடியவர்கள் நாம்தான். கண்டத்தின் மிகப்பெரிய ஆய்வுநிலையமான மக்மர்டோ இதே தீவின் தென்முனையில் இருக்கிறது. ஹெலிகாப்டரில் ஏறினால் மலை பக்கம். காலணியில் ஒட்டிய துளி மண் போதும், வெளிக் கிருமி அங்கே குடியேறிவிடும். அப்புறம் அதை எடுக்க வழியே இல்லை. அதனால் ரிட்ஜைச் சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாக வைத்திருக்கிறார்கள். அனுமதியோடு போகும் ஆய்வாளரும் கிருமி நீக்கிய மேலங்கி அணிய வேண்டும். ஒரு பகுதிக்குள் ஆய்வாளர்களுக்குக்கூட அனுமதி இல்லை. அறிவியலுக்கு இது இழப்பு என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அந்தத் தடைதான் மிகவும் பிடித்த விதி.

நன்றி, வணக்கம்.