பெட்ஃபோர்ட் போர் நினைவிடம்: எந்தச் சுவர்ல யார் பேரு?

வணக்கம் மக்களே. இன்னைக்கு அமெரிக்காவுல வெர்ஜீனியா மாநிலம், ப்ளூ ரிட்ஜ் மலையடிவாரம், பெட்ஃபோர்ட் கவுன்ட்டி. இங்க வர்றவங்க நிறைய பேரு நேரா குன்று மேல இருக்குற பெரிய வளைவுக்குப் போயிடுறாங்க. அப்படிப் போகாதீங்க. முதல்ல ஊருக்குள்ள, கவுன்ட்டி கோர்ட்டு முன்னாடி வாங்க.

இதோ, இந்த நினைவுக் கல்லு. 1954-ல வச்சது. இது உள்ளூர்க் கல்லு இல்ல. பிரான்ஸ்ல வியர்வில் கிராமத்துல இருந்து கொண்டு வந்தது. இரண்டாம் உலகப்போர்ல, ஜெர்மன் பிடியில இருந்த பிரான்ஸை மீட்க 1944 ஜூன் 6-ல அமெரிக்காவும் நேச நாடுகளும் நார்மண்டி கடற்கரையில படை இறக்குனாங்க, அந்த நாளைத்தான் டி-டேன்னு சொல்றாங்க. அன்னைக்குக் காலையில இந்த ஊர்ப் பசங்க கரையேறினது அந்தக் கிராமத்துக்கு முன்னாடிதான், ஒமாஹான்னு பேரு வச்ச கடற்கரையில.

ஒரே ஊர்க்காரங்க எப்படி ஒரே இடத்துல மாட்டினாங்க? நேஷனல் கார்டுன்னு ஒரு பகுதிநேரப் படை. ஊருக்கு ஒரு கம்பெனி, அதாவது ஒரு சின்னப் படைப்பிரிவு; பல கம்பெனி சேர்ந்தது ரெஜிமென்ட். 116-வது காலாட்படை ரெஜிமென்ட்ல ஏ கம்பெனி பெட்ஃபோர்ட், பி கம்பெனி லின்ச்பர்க், டி கம்பெனி ரோனோக். 1941 பிப்ரவரி 3-ல இவங்களை அப்படியே முழுநேர ராணுவத்துல சேர்த்துட்டாங்க. டி-டே அன்னைக்கு முதல் அலையிலயே இறங்கினது இந்த ஏ கம்பெனி. மேகமூட்டத்தால விமானங்க போட்ட குண்டெல்லாம் கரையைத் தாண்டி உள்ள போய் விழுந்துடுச்சு. எதிரியோட பங்கர்கள், அதாவது கான்கிரீட் பதுங்கு அரண்கள், அப்படியே இருந்துச்சு, மணல்ல பதுங்குறதுக்கு ஒரு குண்டுக்குழிகூட இல்ல. கம்பெனி சில நிமிஷத்துல சிதைஞ்சு போச்சு. கேப்டன் டெய்லர் ஃபெல்லர்ஸ், அவரும் இதே ஊர்க்காரர்தான், அங்கயே இறந்தாரு.

இப்ப இறந்த ஊர்க்காரங்க எண்ணிக்கைக்கு வருவோம், இங்கதான் எல்லாரும் குழம்புறாங்க. ஒரு இடத்துல 19னு படிப்பீங்க, இன்னொரு இடத்துல 21, இன்னொண்ணுல 23. கணக்கு இதுதான்: அன்னைக்கு ஒரே நாள்ல ஏ கம்பெனியில இறந்த பெட்ஃபோர்ட் ஆளுங்க 19. அதே நார்மண்டி சண்டையில அப்புறம் ஏ கம்பெனியில 2 பேரு, ரெஜிமென்ட்டோட மத்த கம்பெனிகள்ல இருந்த ஊர்க்காரங்க 2 பேரு. ஆக 23. அப்புறம், 3,200 பேர் வாழ்ந்த ஊருன்னு சொல்றாங்களே, அது டவுன் மட்டும். இறந்தவங்கள்ல சுத்துவட்டாரப் பண்ணை வீட்டுப் பசங்களும் உண்டு. அதனால 19-ஐ 3,200-ஆல வகுத்து சதவீதம் போடாதீங்க.

சரி, குன்றுக்கு வந்தாச்சு. 2001 ஜூன் 6-ல திறந்த தேசிய டி-டே நினைவிடம். வளைவோட உயரம் 44 அடி 6 அங்குலம். 1944, ஆறாம் மாசம், ஆறாம் தேதி, அதான் கணக்கு. கீழ குளத்துல பாருங்க, தண்ணி சுளீர் சுளீர்னு தெறிக்குது. உள்ள காத்துக் குழாய் வச்சு, தோட்டா விழுற மாதிரி பண்ணிருக்காங்க. ஒரு நிமிஷம் பேசாம நின்னு அந்தச் சத்தத்தைக் கேளுங்க.

பேருங்க வெண்கலப் பட்டயத்துல இருக்கு, மொத்தம் 4,400-க்கு மேல. மேற்குச் சுவர் அமெரிக்கர்கள், கிழக்குச் சுவர் மத்த நேச நாட்டுக்காரங்க. இங்க ஒரு விதி: ஜூன் 6 அன்னைக்கு இறந்தவங்க மட்டும்தான். 6-ம் தேதி அடிபட்டு 7-ம் தேதி இறந்திருந்தா இந்தச் சுவர்ல பேரு வராது. உங்க ஆளைக் காணோம்னா முதல்ல இறந்த தேதியைப் பாருங்க.

எழுத்து புடைப்பா இருக்கும். நேர் வெயில்லயோ ஃப்ளாஷ் வெளிச்சத்துலயோ போட்டோ எடுத்தா பளபளப்புதான் விழும், எழுத்து படியாது. டார்ச்சைச் சுவரோட ஒட்டி, பக்கவாட்டுல பிடிங்க. நிழல் விழுந்து ஒவ்வொரு எழுத்தும் எழும்பி நிக்கும்.

இந்தச் சிலையைத் தாண்டிப் போயிடாதீங்க. நார்மண்டியில இருக்குற ட்ரெவியர் கிராமத்து முதல் உலகப்போர் நினைவுச்சிலையோட நகல். 1944 சண்டையில பீரங்கிக் குண்டு பட்டு மூலச்சிலையோட முகத்துல கீழ்ப்பாதி போயிடுச்சு. அந்தச் சேதத்தோடவே வார்த்திருக்காங்க. எனக்கு இந்த வளாகத்துலயே பெருசாத் தெரியுறது இதுதான்.

குடும்பத்துல யாரையாவது தேடுறவங்களுக்கு: அமெரிக்க ராணுவப் பணிக் கோப்புகளை வச்சிருக்குற செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்துல 1973-ல தீ விபத்து. 1912-லேர்ந்து 1960 வரைக்கும் பணியை முடிச்ச ராணுவத்தினரோட கோப்புகள்ல 80 சதவீதம் வரைக்கும் போச்சு. அதனால 'கோப்பு இல்லை'ன்னு பதில் வந்தா விட்டுடாதீங்க. இறந்தவங்களுக்குன்னு தனியா ஒரு அடக்கக் கோப்பு இருக்கும், அதைக் கேளுங்க. கம்பெனியோட தினசரி காலை அறிக்கையையும் கேளுங்க. ஆனா சண்டை நேரத்து அறிக்கையில தேதி சில நாள் பிந்தி இருக்கலாம்.

நார்மண்டிக்கும் போறவங்க ஹோபேக் சகோதரர்களைத் தேடுவீங்க. இவங்களும் இந்த ஊர் ஏ கம்பெனிதான். அண்ணன் பேரும் பெட்ஃபோர்ட், தம்பி ரேமண்ட், ரெண்டு பேரும் டி-டே அன்னைக்கே இறந்தாங்க. நார்மண்டியில கொல்வில் ஊர்ல இருக்குற அமெரிக்கப் போர்க் கல்லறையில அண்ணனுக்குச் சிலுவை இருக்கு. தம்பியோட பைபிள் மட்டும் மணல்ல கிடைச்சு வீடு வந்து சேர்ந்துச்சு, உடல் கிடைக்கல. அவரைச் சிலுவை வரிசையில தேடாதீங்க. நினைவு மண்டபத்துக்குப் பின்னாடி தோட்டத்துல அரைவட்டச் சுவர் ஒண்ணு இருக்கும், காணாமப் போன 1,557 பேருக்கானது. ரேமண்ட் பேரு அங்கதான்.